பெலினின் இலங்கை வரைபடம்: அசலா என்று பார்ப்பதும் அதில் உள்ள நாட்டைப் படிப்பதும்

கேள்வியின் சுருக்கம் இது. பழைய வீடு ஒன்றைக் காலி செய்தபோது பிரெஞ்சு மொழியில் அச்சான இலங்கை வரைபடம் ஒன்று கிடைத்திருக்கிறது. தலைப்பு 'கார்த் த லீல் த செய்லான்'. பெலின் என்ற பெயர் இருக்கிறது. தாள் விரித்த பள்ளி நோட்டை விடச் சிறியது, செங்குத்தாக மடிப்புகள், கரையோரம் வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது, பின்பக்கம் வெறுமை. இது 1750 வாக்கில் அச்சான அசல்தானா, அன்றைய இலங்கை உண்மையில் அப்படித்தான் இருந்ததா, மறுபடியும் ஃபிரேம் போடலாமா?

மூன்றுக்கும் சேர்த்து ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தப் பழைய வரைபடத்துக்கும் மூன்று வயது உண்டு: அதில் உள்ள தகவலின் வயது, செதுக்கிய தகட்டின் வயது, கையில் இருக்கும் தாளின் வயது. மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். 1750 என்று அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் தகட்டின் வயதுதான். மற்ற இரண்டையும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ழாக் நிக்கோலா பெலின் (1703–1772) பிரெஞ்சுக் கடற்படையின் வரைபடக் காப்பகத்தில் வேலை பார்த்த பொறியாளர். அந்தக் காப்பகம் 1720இல் தொடங்கியது. பெரிய கடற்படை விளக்கப்படங்களோடு, 1746 முதல் அபே பிரேவோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் வெளியிட்ட பல தொகுதிப் பயண வரலாற்று நூலுக்காகச் சிறிய வரைபடங்களையும் அவர் ஏராளமாகத் தயாரித்தார். உங்கள் தாளின் அளவையும் மடிப்பையும் பார்த்தால் அந்த நூலிலிருந்து பிரித்தெடுத்ததாகவே தோன்றுகிறது. நூலுக்குள் அடங்க மடித்து, ஓரத்தில் ஒட்டித் தைத்திருப்பார்கள். அதனால் மடிப்பு இருப்பது நல்ல அடையாளம். மடிப்பே இல்லாமல் வழவழவென்று இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதே நூல் ஹேக் நகரில் டச்சிலும் லைப்சிக்கில் ஜெர்மனிலும் வெளியானது. அங்கெல்லாம் பெலின் வரைபடங்களைப் புதிதாகச் செதுக்கினார்கள். ஹேக் பதிப்புத் தாள்களில் பெரும்பாலும் வான் டெர் ஸ்க்லே என்ற செதுக்குநரின் பெயர் அடியோரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். சிலவற்றில் பிரெஞ்சு, டச்சு இரண்டிலும் தலைப்பு இருக்கும். எனவே அடி ஓரத்து எழுத்தையும் மேல் மூலையில் உள்ள தொகுதி எண், பக்க எண் போன்றவற்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பாரிஸ் தாளா, ஹேக் தாளா என்பதை அவைதான் சொல்லும். இரண்டும் அக்காலத்தவை, இரண்டும் அசல்தான். ஆனால் விற்பனையாளர்கள் எல்லாவற்றையும் பாரிஸ் பதிப்பு என்றே எழுதிவிடுவார்கள்.

இனி தாளைச் சோதிக்கும் வேலை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் ஒரு டார்ச்சும் போதும்.

முதலில் ஃபிரேமிலிருந்து வெளியே எடுங்கள். கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்து முடிவு சொல்லவே முடியாது. தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே தாள் பழுது பார்க்கும் நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு கோட்டை லூப்பில் பாருங்கள். செப்புத் தகட்டு அச்சில் கோடு தொடர்ச்சியாக இருக்கும், முனையில் மெலிந்து கூராக முடியும், மை தாளின் மேல் லேசாக மேடுகட்டி நிற்கும். கோடு புள்ளிகளாக உடைந்தால், அதிலும் நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் சிறு ரோஜா வடிவில் தெரிந்தால், அது இருபதாம் நூற்றாண்டு ஆஃப்செட் நகல். இந்த ஒரு சோதனையிலேயே சந்தையில் சுற்றும் நகல்களில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

அடுத்து தகட்டுத் தடம். ஈரத்தாளைத் தகட்டின்மேல் வைத்து உருளையில் நசுக்கித்தான் அச்சிடுவார்கள். அதனால் வரைபடத்தின் வெளி எல்லைக்கு அப்பால் நாலுபுறமும் ஒரு பள்ளம் விழும். டார்ச்சைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இதை மட்டும் நம்பிவிடக் கூடாது, நல்ல நகல்களில் பொய்யாகவே தடம் போடுகிறார்கள். ஓரம் வெட்டப்பட்ட அசலில் தடம் இல்லாமலும் போகும். அளவெடுத்து இன்னொரு பிரதியோடு ஒப்பிடும்போது சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம். ஈரத்தில் அச்சான தாள் உலரும்போது சுருங்கும், எல்லாத் தாளும் ஒரே அளவு சுருங்காது.

மூன்றாவது, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1750இன் தாள் கம்பி வலையில் கையால் வார்த்தது. நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் தெரியும். எங்காவது நீர்க்குறியின் (தாள் செய்தவர் வார்க்கும்போதே பதித்த அடையாளம், வாட்டர்மார்க்) ஒரு துண்டும் தெரியலாம். முழு நீர்க்குறி கிடைப்பது அதிர்ஷ்டம், ஏனென்றால் பெரிய தாளை வெட்டித்தான் இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கோடே இல்லாத வழவழப்பான தாள் ஐரோப்பாவில் பரவலானது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான். அப்படித் தாள் இருந்தால் பிந்தைய அச்சு. ஓரம் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தால் அது மரக்கூழ்த் தாள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்காது. கந்தல் துணியில் செய்த பழைய தாள் இருநூறு ஆண்டு கழிந்தும் வளைந்து கொடுக்கும். புற ஊதா விளக்கு கிடைத்தால் இருட்டில் காட்டிப் பாருங்கள். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது, அது இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிந்திய வழக்கம்.

வண்ணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேவோ நூலுக்கான வரைபடங்கள் பெரும்பாலும் வண்ணம் இல்லாமல்தான் வெளியாயின. இன்று சுவரில் தொங்கும் வண்ணப் பிரதிகளில் பல, விற்பனைக்காகப் பிற்காலத்தில் தீட்டியவை. மடிப்பு விழுந்த இடத்தைக் கவனியுங்கள். மடித்துத் தேய்ந்த கோட்டில் தாளின் நார் பிளந்திருக்கும். பின்னால் தீட்டிய வண்ணம் அந்தப் பிளவுக்குள் ஊறி மற்ற இடத்தை விட அழுத்தமாக நிற்கும். மடிப்பதற்கு முன் தீட்டியதானால் அந்தக் கோட்டில் வண்ணம் உதிர்ந்து வெளுத்திருக்கும். செம்பு கலந்த பழைய பச்சை மை காலப்போக்கில் தாளை அரித்துப் பின்பக்கம் பழுப்பாகத் தெரியும், அது பழைய வண்ணத்துக்கு வலுவான சாட்சி. பின்னால் தீட்டினால் அச்சு போலியாகிவிடாது. ஆனால் அதை 'அக்கால வண்ணம்' என்று விற்பது தவறு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வரைபடத்துக்குள் இருக்கும் நாடு.

ஓரத்து அளவுகோல்களிலிருந்து தொடங்குங்கள். கொழும்பு கிரீனிச்சிலிருந்து ஏறத்தாழ 79 பாகை (டிகிரி) 51 கலை (ஒரு பாகையில் 60 கலை) கிழக்கில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து எண்ணினால் அது 77½ வரும், அக்காலத்தில் பலர் தீர்க்கரேகையை எண்ணத் தொடங்கிய, அட்லாண்டிக்கில் உள்ள ஃபெரோ தீவிலிருந்து எண்ணினால் 97½ வரும். உங்கள் தாளில் எந்த எண்ணை ஒட்டி வருகிறது என்று பார்த்தால் எந்தத் தீர்க்கரேகையை அடிப்படையாக வைத்தார்கள் என்பது புரியும். ஒரு பாகை வரை பிசகு இருக்கலாம், கடலில் தீர்க்கரேகையை நம்பகமாக அளக்கும் கடிகாரம் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. தூர அளவுகோலில் 'லியூ' என்று இருக்கும். பொது லியூ ஒரு பாகைக்கு 25, அதாவது சுமார் 4.45 கிலோமீட்டர். கடல் லியூ ஒரு பாகைக்கு 20, சுமார் 5.56 கிலோமீட்டர். வட முனையான பருத்தித்துறையிலிருந்து தென் முனையான தேவேந்திரமுனை வரை அட்சரேகையில் 3 பாகை 55 கலை. ஆகவே சரியான வரைபடத்தில் தீவின் நீளம் 98 பொது லியூ அல்லது 78 கடல் லியூ வர வேண்டும். கவராயத்தை வைத்து அளந்து பாருங்கள். வடக்கு தெற்காக ஓரளவு சரியாக வரும், கிழக்கு மேற்காகத்தான் பிசகும். அட்சரேகையைச் சூரியனை வைத்தே கணிக்க முடிந்தது, தீர்க்கரேகையை முடியவில்லை.

கரையோரத்தில் ஊர்ப் பெயர்கள் எறும்பு வரிசையாக நெருக்கியிருக்கும், உள்நாடு காலியாகத் தெரியும். இதுதான் அன்றைய அரசியல். கரை ஒல்லாந்தரிடம் (டச்சுக்காரர்), உள்நாடு கண்டி மன்னரிடம். ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து 1638இல் மட்டக்களப்பு, 1639இல் திருகோணமலை, 1640இல் காலி, 1656இல் கொழும்பு, 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரை உள்ள தென்மேற்குக் கரையில் பெயர்கள் மிக நெருக்கமாக இருக்கக் காரணம் கறுவா. ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கும்பினியின் லாபம் அந்தப் பட்டைக்குள்தான் இருந்தது.

உள்நாட்டு விவரத்துக்கு வேறு வரலாறு. கண்டி அரசர்கள் கணவாய்களில் முட்கதவு வைத்துக் காவல் போட்டு, ஐரோப்பியர் யாரும் அளந்து பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நாட்டுக்குள் நீண்ட காலம் வாழ்ந்து வெளியே வந்து எழுதியவர் ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி. 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில், தந்தையோடும் கப்பல் ஆட்களோடும் கண்டி மன்னர் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். 1679இல் அனுராதபுரம் வழியாக அருவி ஆற்றைத் தொடர்ந்து நடந்து, அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையில் வந்து சேர்ந்தார். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூலில் கண்டி நாட்டின் வரைபடம் உண்டு. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஐரோப்பாவில் வெளியான வரைபடங்களின் உள்நாட்டுப் பகுதி பெரிதும் அதைப் பார்த்து எழுதியது. ஆக, தகடு 1750இல் செதுக்கியதானாலும், மலைநாட்டின் தகவல் எழுபது எண்பது ஆண்டு பழையது. 1750இல் கண்டி நாட்டில் எந்த ஊர் எங்கே இருந்தது என்பதற்கு இந்தத் தாளைச் சான்றாகக் காட்டுவது சரியல்ல. நாக்ஸ் காலத்து நிலைக்கு வேண்டுமானால் காட்டலாம்.

அந்த எழுபது ஆண்டில் என்ன மாறியது? கண்டியின் அரச குடும்பமே மாறிவிட்டது. வீர நரேந்திரசிங்கன் 1739இல் இறந்தபோது அரியணை ஏறத் தகுதியான மகன் இல்லை. மதுரை நாயக்கர் வழியில் வந்த பட்டத்தரசியின் சகோதரர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரசரானார். உங்கள் தாள் அச்சான காலத்தில் ஆண்டவர் அவருக்கு அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782). தமிழ் பேசிய குடும்பத்திலிருந்து வந்த இந்த மன்னர்தான் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து 1753இல் பௌத்த உபசம்பதா மரபை, அதாவது பிக்குகளுக்கு முழுத் துறவு தரும் மரபை, மீட்டவர். வரைபடத்தில் 'கண்டி இராச்சியம்' என்ற எழுத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தச் செய்தி எந்த ஐரோப்பியத் தகட்டிலும் வரவில்லை.

வடக்கே பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாடு பல பழைய வரைபடங்களில் தனித் தீவாகவே பிரிந்து நிற்கும். உண்மையில் கிழக்கே சுண்டிக்குளம் பக்கம் ஒடுங்கிய நிலத்தொடர்பு உண்டு, ஆனையிறவுக் களப்பு அகன்று கிடப்பதால் கடலிலிருந்து பார்த்தவர்களுக்குப் பிரிந்ததாகத் தெரிந்திருக்கிறது. தீவுகளுக்கு ஒல்லாந்து நகரப் பெயர்கள் இட்டிருப்பார்கள்: நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடல்பர்க். இவற்றில் டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில வழக்கில் இன்றும் ஓடுகிறது. அதற்குத் தெற்கே வன்னி, 'வன்னியா' போன்ற ஒலியில் எழுதியிருக்கும். நாக்ஸ் தன் நூலில் அங்கே 'கொய்லாட் வன்னியா' என்ற தலைவரின் நாட்டைக் குறிப்பிடுகிறார். கண்டிக்கும் கட்டுப்படாமல் ஒல்லாந்தருக்கும் முழுதாகக் கட்டுப்படாமல் வன்னியர்கள் ஆண்ட பகுதி அது. யானை ஏற்றுமதிக்கு ஒல்லாந்தர் இந்தப் பகுதியைத்தான் நம்பியிருந்தார்கள். கிழக்கே 'பேடா' என்ற சொல் தெரிந்தால் அது வேடர்கள் வாழ்ந்த காட்டுப் பகுதி.

யாழ்ப்பாணத்தை 'இராச்சியம்' என்று எழுதியிருந்தால் அங்கேயும் தகவலின் வயதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் சங்கிலியைத் தோற்கடித்துப் போர்த்துகீசியர் அந்த அரசை முடித்தது 1619இல். அதற்குப் பின்னும் ஐரோப்பியத் தகடுகளில் அந்தப் பட்டம் நீண்ட காலம் தொடர்ந்தது. ஒருமுறை செம்பில் செதுக்கிய எழுத்தைச் சுரண்டி, தட்டி, சமன் செய்து, மறுபடி செதுக்குவது செலவு. வாங்குபவர் யாரும் கேட்காதபோது பதிப்பாளர் ஏன் செய்யப் போகிறார்? ஹோண்டியஸ் 1606இல் வெளியிட்ட அட்லஸ் இலங்கை வரைபடத்துக்கும் இதே கதிதான். கொழும்பை ஒட்டியிருந்த கோட்டை (கோட்டே) இராச்சியம் 1597இல் தர்மபாலனோடு முடிந்தது, அதன் போட்டி அரசான சீதாவக்கை அதற்குச் சில ஆண்டு முன்பே சிதறியது. அட்லஸ் பின்னும் பல பதிப்புகள் கண்டது.

ஒரு பிரெஞ்சுக் கடற்படைப் பொறியாளருக்கு ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கையில் என்ன அக்கறை என்று நினைக்கலாம். திருகோணமலை வளைகுடாவைக் கவனித்தால் காரணம் தெரியும். பிரெஞ்சுக்காரரின் தலைமையிடம் புதுச்சேரி. அங்கே துறைமுகம் என்று எதுவும் கிடையாது, கப்பல் திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று புயலோடு வந்தால் சோழமண்டலக் கரை முழுவதிலும் போர்க்கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை. பக்கத்தில் இருந்த ஒரே ஆழமான இயற்கைத் துறை திருகோணமலை. 1672இலேயே பிரெஞ்சுக் கப்பற்படை அங்கே வந்து காலூன்றப் பார்த்துத் தோற்றது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்த அந்தக் கோட்டையை அதே ஆண்டு ஆகஸ்டில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி கைப்பற்றினார்.

இந்த வரைபடம் காட்டும் ஏற்பாடு அதிக காலம் நிற்கவில்லை. 1766 பிப்ரவரி உடன்படிக்கையில் கண்டி கடலோரப் பட்டை முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. அதன் பிறகு செதுக்கிய தகடுகளில் கண்டி நாடு நாலுபுறமும் அடைபட்டிருக்கும், இதுவும் தேதி கணிக்க உதவும். 1796இல் கரை ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1800இல் அளவைத் திணைக்களம் தொடங்கிய பிறகுதான் தீவை நிலத்தில் நின்று முறையாக அளக்கும் வேலை ஆரம்பித்தது. 1815 மார்ச்சில் கண்டியும் விழுந்தது. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவர் நினைவிடம்.

ஃபிரேம் விஷயத்தில் நம் ஊர்களில் தாளைக் கெடுப்பது பெரும்பாலும் அக்கறையோடு செய்யும் வேலைதான். லாமினேஷன் செய்தால் திரும்ப எடுக்க முடியாது, அதோடு முடிந்தது. செலோடேப்பின் பசை சில ஆண்டில் மஞ்சளாகி நாருக்குள் இறங்கிவிடும். ஃபெவிகால் உலர்ந்தபின் தண்ணீரில் கரையாது. பைண்டர்கள் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பார்கள், அது தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். பின்னால் வைக்கும் ஹார்ட்போர்டும் பிளைவுட்டும் அமிலத்தைக் கசியவிடும், பலகையின் ரேகை அப்படியே தாளில் எரிந்ததுபோல் விழும்.

செய்ய வேண்டியது எளிது. முன்னும் பின்னும் அமிலமற்ற பருத்தி மவுண்ட் போர்டு வாங்குங்கள். முன்பலகையில் ஜன்னல் வெட்டி, கண்ணாடிக்கும் தாளுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். தாள் கண்ணாடியைத் தொட்டால் கடலோர ஊர்களில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், கடைசியில் மை கண்ணாடியில் ஒட்டிவிடும். தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், 2 சென்டிமீட்டர் அகல ஜப்பானிய மென்தாள் பட்டைகளால் பின்பலகையோடு இணையுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் விரியும் தாளுக்குப் போக்கிடம் இல்லாமல் அலையடிக்கும், கோடையில் இழுபட்டுக் கிழியும்.

பசைக்கு மைதா வேண்டாம், கோதுமையிலிருந்து பிரித்த சுத்தமான ஸ்டார்ச் வேண்டும். மைதாவில் உள்ள பசையப் புரதம் பூச்சியை இழுக்கும். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நான்கைந்து பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்து, மெல்லிய தீயில் 20 முதல் 30 நிமிடம் விடாமல் கிளறுங்கள். கண்ணாடிபோல் தெளிந்து கனத்ததும் இறக்கி ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துத் தளர்த்துங்கள். பட்டையில் மிக மெல்லிசாகத் தடவினால் போதும், ஈரம் அதிகமானால் முன்பக்கம் வரை கறை தெரியும்.

வெயில் படும் சுவரும், மழையில் ஊறும் வெளிச்சுவரும் ஆகாது. ஃபிரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டி, பின்னால் காற்றோட இடம் விடுங்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது என்பார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அது எளிதில் வராது. அதை விட முக்கியம் ஏற்ற இறக்கம் இல்லாமல் பார்ப்பது. பகலில் அணைத்து இரவில் மட்டும் ஏசி ஓடும் அறையை விட, எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் கூடம் தாளுக்கு நல்லது. பழுப்புப் புள்ளிகளை ப்ளீச் போட்டு வெளுக்கச் சொல்பவர்களிடம் கொடுக்காதீர்கள், சில ஆண்டில் தாளே தளர்ந்துவிடும். அந்தப் புள்ளிகள் வரைபடத்தைப் படிக்க எந்த இடைஞ்சலும் இல்லை.

ஃபிரேம் மூடுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த நிலை, ஓரத்து எழுத்து எல்லாவற்றையும் படம் எடுத்து, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'காலிக்கா' தளத்தில் உள்ள பெலின் வரைபடங்களோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். தகடு வேறா என்பது மலைகளின் நிழல் கோடுகளிலும் எழுத்துகளின் இடைவெளியிலும் உடனே தெரிந்துவிடும். மற்றது, தாள் இந்தியாவில் இருந்தால், நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. உறவினருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.